எட்ட நின்று கற்றலும் கிட்ட இருந்து கற்றலும்

சென்ற மாதம் ஒரு கல்விக் கந்தோரிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. இளைப்பாறிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் கந்தோர்க் கடிதத்தைக் கண்டதும் நெஞ்சம் ஒருமுறை திடுக்கிடுவது எங்கள் தொழிலாருக்கு இயல்பு. பிரித்துப் பார்த்தேன், பயப்படத்தக்க விஷயம் ஒன்றுமில்லை. ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கென நடைபெற்றுவரும் ஐந்து நாள் வதிவிடப் பயிற்சியை இனி முற்றாக நிகழ்நிலைக்கு மாற்றிவிடலாமா, அவ்வாறு மாற்றினாற் பெருஞ்செலவு மிச்சமாகுமன்றோ, வளவாளராகப் பலகாலம் பணியாற்றியவர் என்ற முறையில் தங்கள் அபிப்பிராயத்தை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல் எழுதியனுப்புக என்பது அக்கடிதத்தின் சாரம்.

பத்தாண்டுகளுக்கு முன்னர் இக்கேள்வி வந்திருப்பின் ஒரே வரியில் மறுமொழி எழுதியிருப்பேன். 'கூடாது' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கும். இன்றோ பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் சும்மா இருந்தேன். ஏன் அப்படி இருந்தேன் என்பது இரண்டு பக்கங்களுக்குள் அடங்காத கதையாதலின், அதனை இங்கு எழுதுகின்றேன்.

எட்ட இருந்து கற்பது நமக்கொன்றும் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டின் பட்டயத்தினால் தன் பட்டப் பரீட்சைகளை வெளியாருக்குந் திறந்துவிட்டது. கொழும்பிலே 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி தானும் அந்த இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்த நிலையமேயாம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் எழும்வரை நமது பட்டதாரிகளிற் பலர், தாம் கண்ணாலுங் காணாத ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளே. அதற்குப் பின்னரும், பகலிற் பாடசாலையிற் படிப்பித்துவிட்டு இரவில் விளக்கின் முன் அமர்ந்து அப்பரீட்சைகளுக்குப் படித்த உபாத்தியாயர்கள் நம்மிடையே இருந்தனர். அவர்களிற் சிலரிடம் நான் கற்றிருக்கிறேன். அவர்களுடைய ஆங்கில இலக்கணம் அப்பழுக்கற்றது. உச்சரிப்பு மாத்திரம் அவரவர் ஊருக்குரியதாயிருக்கும். புத்தகம் கொடுக்கக்கூடியதை அவர்கள் முழுமையாகப் பெற்றுக்கொண்டனர். காது வழியாக வரவேண்டியது வரவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஐசாக் பிட்மன் நினைவுக்கு வருவார். இங்கிலாந்திலே 1840இல் ஒரு பென்னித் தபால் தொடங்கியவுடன் அவர் தம் சுருக்கெழுத்து முறையைத் தபால் மூலம் கற்பிக்க முற்பட்டார். பாடத்தை ஊரெங்கும் அனுப்புவது எந்த அச்சகத்துக்கும் இயலும். மாணவன் எழுதிய பயிற்சியைத் திரும்ப வரவழைத்து, பிழை திருத்தி, மீண்டும் அவனுக்கே அனுப்பிவைத்தாரே, அதுதான் பிட்மனுடைய கெட்டித்தனம். போகவும் வரவும் பாதை இருந்தபடியால் அது கல்வியாயிற்று. இன்றைய நிகழ்நிலைப் பாடங்களிற் பலவற்றுக்குப் போகும் பாதை அகலமாகவும், வரும் பாதை ஒற்றையடிப் பாதையாகவும் இருப்பதைக் காண்கிறோம்.

பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் பட்டயம் பெற்று 1971இல் மாணவரைச் சேர்த்துக்கொண்டது. வானொலியையும் தொலைக்காட்சியையும் தபாலையும் நம்பி எழுந்த அந்நிறுவனமே தன் பாடநெறிகள் பலவற்றுக்குக் கோடைகாலத்தில் ஒரு வார வதிவிட வகுப்பை வைத்திருந்தது. 1980இல் நிறுவப்பெற்ற நமது திறந்த பல்கலைக்கழகமும் பிரதேச நிலையங்களை அமைத்து, மாணவரை இடையிடையே நேரில் அழைத்தது. தூரத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் ஏதோ ஒன்று தூரத்திலிருந்து செய்ய முடியாததாகத் தோன்றியிருக்கின்றது. அந்த ஏதோ ஒன்று யாது என்பதைப் புத்தகத்திற் படித்து நான் அறிந்துகொள்ளவில்லை. ஓர் ஆசிரியையிடம் அறிந்தேன்.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டதும், அடுத்த ஆண்டு நானும் ஏனையோரைப் போல ஸூம் திரையின் முன் அமர்த்தப்பட்டேன். முப்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். ஆரம்ப வகுப்பில் வாசிப்பும் எழுத்தும் கற்பித்தல் என்பது பொருள். திரையிலே ஏழெட்டு முகங்கள். மற்றவையெல்லாம் பெயர் எழுதிய கறுப்புச் சதுரங்கள். பேசிக்கொண்டே போனேன். நகைச்சுவை சொன்னால் அது சிரிப்பை எழுப்பிற்றா என்று தெரியாது. எல்லோரும் மைக்கை அடைத்து வைத்திருந்தனர். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் கேளாமல் நிற்பவனுடைய நிலை.

அச்சதுரங்களில் ஒன்று மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியையுடையது. முதலாம் இரண்டாந் தரங்களை ஒரே அறையிற் சேர்த்துக் கற்பிப்பவர்; பன்னிரண்டு ஆண்டுச் சேவை. 2018இல் நான் நடத்திய ஒருநாட் செயலமர்விலும் இருந்தவர்தாம். மூன்றாம் வரிசையிலிருந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. ஸூமிலும் கமராவை ஒருநாளாவது திறந்தாரில்லை. பாடநெறியின் இடைக்கால அறிக்கையில் அவருடைய பெயருக்கெதிரே 'ஈடுபாடு குறைவு' என்று எழுதினேன்.

அதற்கு இரண்டு நாட்களின் பின்னர், இரவு பத்தரை மணிக்கு மேல், வட்ஸ்அப்பில் ஒரு குரற்பதிவு வந்தது. மெதுவான குரல், அருகிலே யாரோ உறங்குகிறார்கள் போலும்.

"சேர், மன்னிக்கணும். எல்லாரும் இருக்கும்போது கேட்க வெட்கமா இருந்திச்சு. எங்க பிள்ளைங்க 'ள'வையும் 'ழ'வையும் ஒண்ணாத்தான் சொல்லுதுங்க. உண்மையச் சொன்னா நானும் அப்படித்தான் சொல்றேன் சேர். எனக்கே வராதத நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?"

முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துள்ளேன். இக்கேள்வியை ஒரு மண்டபத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. இலங்கைத் தமிழாசிரியர் அனைவரும் ழகரத்தைச் செம்மையாக உச்சரிப்பதனால் அன்று. அது எனக்கும் தெரியும், அவர்களுக்குந் தெரியும். வளர்ந்தோருக்குக் கற்பிப்பதில் உள்ள தனித் துன்பம் இதுதான். சிறுவன் தெரியாததைத் தெரியாது என்பான். அவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டு சேவை செய்தவர் சக ஆசிரியர் முப்பது பேரின் முன் 'எனக்கு ழகரம் வராது' என்று எழுந்து சொல்வாரா? நேர்முக வகுப்பின் பெருமையாக நாம் பேசும் அந்த 'முகம்' என்பதே அவருடைய வாயை அடைத்துவைத்திருந்தது. முகமில்லாத இரவு அதைத் திறந்தது.

மூன்று வாரங்கள் இது நடந்தது. பழம், பள்ளம், மழை, மலை, வாழை, வாளி என்று அவர் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவார். ளகரத்துக்கு வளைந்த நாநுனி அண்ணத்தைத் தொடவேண்டும், காற்று நாவின் இருபக்கமும் வழியவேண்டும்; ழகரத்துக்கு அதே நா வளைந்து மேலெழுந்து தொடாமல் நிற்கவேண்டும் என்று நான் சொல்லி அனுப்புவேன். தான் சொன்னதையும் நான் சொன்னதையும் மாற்றி மாற்றிப் பலமுறை கேட்டிருக்கிறார். மண்டபத்தில் அஃது இயலுமா? ஒருமுறை சொல்வேன், எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், அந்தப் பேரொலியில் யாருடைய ழகரம் பிழைத்தது என்று யார் கண்டது? மூன்றாம் வார இறுதியில் 'மழை' என்ற சொல் அவர் வாயிலிருந்து முழுமையாக வந்தது. என்னுடைய அறிக்கையிலே 'ஈடுபாடு குறைவு' அப்படியே இருந்தது. அதனை நான் மாற்றவில்லை. இறுதி அறிக்கையில் மாற்றலாம் என்று எண்ணியிருந்தேன்; இறுதி அறிக்கையில் அப்படி ஒரு நிரல் இருக்கவில்லை.

நிற்க. இதனைக் கேட்டதும் நிகழ்நிலைக் கட்சியார் மகிழ்ந்து எழுந்துவிடவேண்டாம். கதையின் மறுபாதி இன்னும் இருக்கின்றது.

அப்பாடநெறியில் அழகிய எழுத்துக்கென ஓர் ஒப்படை இருந்தது. உயிரெழுத்துப் பன்னிரண்டையும் கரும்பலகையில் எழுதி, படமெடுத்து அனுப்பவேண்டும். அவ்வாசிரியை அனுப்பிய படம் மிக நேர்த்தியானது. வரிசை கோணவில்லை, அளவு மாறவில்லை. முழுப் புள்ளி இட்டேன்.

2023இல் வதிவிடப் பயிற்சி மீண்டும் நடந்தபோது அவரும் வந்தார். இரண்டாம் நாள் முற்பகல் ஒவ்வொருவராகப் பலகைக்கு அழைத்தேன். அவர் 'அ' எழுதினார். நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். வலப்பக்கத்து நிமிர்கோட்டை முதலில் மேலிருந்து இழுத்துவிட்டு, பின்னர் இடப்பக்கத்துச் சுழியை அதனோடு கொண்டுவந்து ஒட்டினார். முடிவிலே நின்ற எழுத்தில் ஒரு குற்றமுமில்லை. எழுதிய வழி முழுவதும் தலைகீழ். அதுமட்டுமன்று. பலகைக்கு நேரெதிரே நின்று எழுதியதனால் அவருடைய முதுகு எழுத்தை மறைத்தது. வகுப்பிலுள்ள குழந்தைகளுக்குத் தெரிவது ஆசிரியையின் முதுகும், அவர் விலகியபின் எழுந்து நிற்கும் எழுத்தும் மாத்திரமே. கை சென்ற வழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தத்தமக்குத் தோன்றிய இடத்தில் தொடங்கி அதை வரைவார்கள். எழுதமாட்டார்கள், வரைவார்கள். இரண்டாந் தரம் மூன்றாந் தரத்துக்கு வந்து விரைவாக எழுதவேண்டிய காலத்தில் அவர்களுடைய கை தடுமாறும். எதனால் என்று ஒருவருக்கும் விளங்காது.

முழுப் புள்ளி இட்டவன் நான். படத்தில் நான் கண்டது எழுத்தை; எழுதுதலையன்று. மாதக்கணக்காகத் திரையிலே நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதெல்லாம் முகங்களே. முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. ஆசிரியத் தொழிலோ பெரும்பாலும் கையிலும் காலிலும் இருக்கின்றது: எங்கே நிற்பது, எப்போது பக்கவாட்டில் திரும்புவது, பின்வரிசைப் பிள்ளையின் அருகே எவ்வளவு நேரம் குனிவது.

இதனைக் கேட்ட என் நண்பர் ஒருவர், கணினித் துறையில் ஈடுபாடுள்ளவர், "கையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு அது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தன்னிடம் குற்றம் இருக்கும் இடத்தை அறியாதவர் அவ்விடத்தைப் படம்பிடித்து அனுப்புவது எங்ஙனம்? நேரில் இருக்கும்போது நாம் தேடாததும் கண்ணில் விழுகின்றது.

நண்பர் விடவில்லை, ஆராய்ச்சிகளைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். ஐக்கிய அமெரிக்காவின் கல்வித் திணைக்களம் 2009இல் வெளியிட்டு 2010இல் திருத்திய ஒரு தொகுப்பாய்வு இவ்விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அதில் ஆராயப்பட்டோரிற் பெரும்பாலார் பாடசாலைச் சிறுவரல்லர், வளர்ந்தோரே. நிகழ்நிலையிற் கற்றோர் சராசரியிற் சிறிது மேலாக நின்றனர் என்ற செய்தியைப் பலர் பரப்பினர். உள்ளே நுழைந்து பார்த்தால், முற்றாக நிகழ்நிலையில் நடந்தவற்றுக்கும் நேர்முக வகுப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டையும் கலந்து நடத்தியவையே மேம்பட்டன. அக்கலப்பு வகுப்புகளிலே மாணவருக்குக் கூடுதலான நேரமும் கூடுதலான பாடப்பொருளும் கிடைத்திருந்தன, ஆதலால் வெற்றியை ஊடகத்தின் தலையில் ஏற்றக்கூடாது என ஆய்வாளர்தாமே எச்சரித்துமிருக்கின்றனர். செலவை மிச்சம்பிடிக்க விரும்பும் கந்தோர்கள் இந்த எச்சரிக்கையை வாசிப்பதில்லை.

வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவருடைய பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. நேர்முக வகுப்பிலிருந்து நிகழ்நிலைக்கு வந்தபோது எல்லா வகையினரும் சறுக்கினராம். ஆனால் முன்னரே படிப்பிற் பின்தங்கியிருந்தோர் அதிகமாகச் சறுக்கினர். நன்றாக நடப்பவனுக்குப் பாதை எதுவாயினும் ஒன்றே. நொண்டுபவனுக்குத்தான் பாதை முக்கியம்.

இதற்குப் பெரிய உதாரணமும் உண்டு. 2011இல் ஸ்டான்பேர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபஸ்டியன் த்ருன், பீற்றர் நோர்விக் ஆகிய இருவரும் இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். உலகத்துப் பல்கலைக்கழகங்களெல்லாம் இனி மூடப்படும் என்று அக்காலத்தில் எழுதியவர்களும் உண்டு. மூடப்படவில்லை. ஹார்வர்ட், எம்.ஐ.ரி. நிறுவனங்களின் இத்தகைய பாடநெறிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, 2017-18இல் அவற்றிற் சேர்ந்தோருள் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினரே. பணங்கட்டிச் சான்றிதழ் வழியிற் சேர்ந்தவர்களுள் மாத்திரம் ஏறக்குறைய அரைவாசிப்பேர் முடித்தனர்.

இந்த இலக்கங்களைக் காட்டி நிகழ்நிலையைப் பழிப்பது எளிது. ஆனால் நமது செயலமர்வுகளின் யோக்கியதை யாது? காலை ஒன்பது மணிக்கு ஒரு கையொப்பம், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கையொப்பம். இடையிலே வளவாளர் திரையில் எழுதியிருப்பதைத் திரையைப் பார்த்தே வாசிப்பார். பத்தரைக்குத் தேநீர், பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல். அவ்வாறு வாசித்த வளவாளருள் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கையொப்பம் மாத்திரமே நேர்முகமாக நடந்த அத்தகைய நாட்களை நிகழ்நிலைக்கு மாற்றினால் ஒரு நட்டமும் இல்லை. பஸ் சத்தம் மிச்சம். அந்நாட்களில் உண்மையாகவே ஏதேனும் கற்கப்பட்டதாயின் அது தேநீர் வேளையிற்றான். ஒருவர் தாம் செய்த எழுத்தட்டைகளைப் பையிலிருந்து எடுப்பார், நாலுபேர் கூடுவர், எங்கே வாங்கினீர்கள், எப்படி வெட்டினீர்கள் என்ற பேச்சு எழும்.

எதை எப்படிக் கற்பது என்பதில் மருத்துவத் துறையினர் நம்மைவிடத் தெளிவாயிருக்கின்றனர். நின்றுவிட்ட இருதயத்துக்கு மார்பை அழுத்தி உயிரூட்டும் முதலுதவியைப் பொதுமக்கள் தாமாகவே காணொளி மூலம் கற்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அமெரிக்க இருதயச் சங்கம் அதற்கு இடங்கொடுத்தது; போதனாசிரியர் கிடைக்காதவிடத்துத் தாமே கற்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பார்ப்பதோடு நில்லாமல் கையாற் செய்து பழகவேண்டும் என்பதில் அச்சங்கம் உறுதியாயிருக்கின்றது. காணொளியைப் பார்த்துக்கொண்டே ஒரு பொம்மையின் மார்பை அழுத்தவேண்டும். எத்தனை அங்குலம் அழுந்தியது என்று பொம்மை சொல்லும். ஆள் இல்லாமற் பயிற்சி நடக்கலாம். பொம்மை இல்லாமல் நடவாது. ஆரம்ப வகுப்பாசிரியருக்கு அந்தப் பொம்மை எது? குழந்தைகள் நிறைந்த வகுப்பறைதான். அதனை மண்டபத்துக்கும் கொண்டுவர முடியாது, திரைக்கும் கொண்டுவர முடியாது. பயிற்றுபவர்தாம் அங்கே போகவேண்டும்.

மிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தோருக்கு மிச்சமாவது ஆசிரியருக்குச் செலவாகின்றது. டேட்டாவுக்கு அவர் பணம், தொலைபேசி அவருடையது, மின்சாரம் அவர் வீட்டது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அதேயாண்டில் எரிபொருள் இல்லாமல் பஸ் நின்றபோது நேர்முக வகுப்பும் நின்றது. ஒரு வழி அடைபட்டால் மற்ற வழியேனும் வேண்டுமென்பது அப்போது தெரிந்தது. அந்த ஆசிரியை கமராவைத் திறவாததற்குக் காரணத்தையும் வதிவிடப் பயிற்சியில் முதல்நாள் இரவு உணவின்போதுதான் அறிந்தேன். ஒரே அறை, குழந்தை உறங்கவேண்டுமாதலால் விளக்கை அணைத்துவிட்டுக் காதிற் கருவியைச் செருகிக்கொண்டு பாடங் கேட்டிருக்கிறார். இருட்டில் கமராவைத் திறந்து என்ன பயன்?

அந்தப் பயிற்சியையும் அவர் முடிக்கவில்லை. இரண்டாம் நாள் முற்பகல் பலகைக்கு வந்தார். பிற்பகல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகினார். அன்றிரவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது, விடியற்காலைப் பஸ்ஸிற் புறப்பட்டுவிட்டார். ஐந்து நாளில் இரண்டு நாள் வரவு. சான்றிதழுக்கு அது போதாது. வரவு போதாதோர் பட்டியலில் வளவாளர் கையொப்பம் என்ற இடத்தில் என்னுடைய கையொப்பம் இருக்கின்றது.

ஐந்து நாட்களும் இருந்து முடித்தவர்களுள் அவரளவு கற்றுச் சென்றவர்கள் எத்தனைபேர் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

ஆகவே கந்தோருக்கு நான் எழுதிய மறுமொழி 'ஆம்' என்றுமில்லை, 'இல்லை' என்றுமில்லை. ஐந்து நாட்களை இரண்டாக்குங்கள் என்றேன். அவ்விரண்டு நாட்களிலும் விரிவுரை ஒன்றும் வேண்டாம், பலகையும் சுண்ணக்கட்டியும் கையுமே போதும். விரிவுரைகளைப் பதிவுசெய்து அனுப்பிவிடுங்கள். அவற்றை நள்ளிரவிலும் கேட்கலாம். அதன் பின்னர் மூன்று மாதங்களுக்கு ஐந்தைந்து பேராகப் பிரித்து, குரற்பதிவின் மூலம் கேள்வி கேட்கவிடுங்கள், கேட்பவருடைய பெயர் மற்றவருக்குத் தெரியவேண்டியதில்லை. இறுதியில் வளவாளர் ஒவ்வொருவருடைய வகுப்பறைக்கும் ஒரு நாளாவது போய்ப் பின்வரிசையில் அமரட்டும். வரவைக் கையொப்பத்தினால் அளவாமல் அந்த ஒரு நாளில் அளக்கட்டும். இதனாற் செலவு மிச்சமாகாது என்பதையும் எழுதினேன். வளவாளரின் பஸ் சத்தம் கூடும்.

இவ்வளவுக்குள் இரண்டாம் பக்கமும் நிரம்பிவிட்டது. உறையில் இடுமுன் அந்த ஆசிரியைக்கு, அடுத்த பயிற்சி நடந்தால் வருவீர்களா என்று ஒரு செய்தி அனுப்பிக் கேட்டேன். இரவு பத்தரைக்குப் பின்னர்தான் மறுமொழி வந்தது. வழக்கம் போலக் குரற்பதிவு.

"வாறேன் சேர். ஆனா இப்ப சின்னவளும் இருக்கா, ஒன்றரை வயசு. அவளயும் கூட்டிட்டு வரலாமா?"

சின்னவள் என்ற சொல்லில் ளகரம் செம்மையாக விழுந்திருந்தது. கடிதத்தை மீண்டும் விரித்து, இடமில்லாமையால் ஓரத்தில் எழுதினேன்: பயிற்சி நிலையத்திற் குழந்தைகளுக்கென ஓர் அறையும், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். கந்தோரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.